இடது பக்கம் கம்மி

சங்கரன்கோவில்
18.6.2025

அடியே பாஜிலா,

இந்தக் காலத்தில் எவளாவது பேனா பிடித்துக் கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிப்பது இங்கேயே தெரிகிறது. சிரி. போனில் பேசினால் உன் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. முதலில் அந்த போனைத் தூக்கிப் போடு. பகலில் உங்கள் கடையில் போனைத் தொடக்கூடாது. நீ விடுதிக்குத் திரும்புகிற நேரத்தில் நான் மேட்ச்சில் இருப்பேன். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதுல்லா, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு ஹெட்போன் வேண்டும். ஒன்றே ஒன்று. பகலில் யாகூப் அண்ணன் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டும் மேளமும் சேர்க்கிறேன், அதற்கு வேண்டும். சாயங்காலம் ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுக்கு வேண்டும். இரண்டு வாங்க வழியில்லை. இங்கே கடையில் கேட்டால், “பாட்டுக்குன்னா ஒண்ணு, கேமுக்குன்னா ஒண்ணு, ரெண்டுக்கும் ஒண்ணு எங்கன கெடைக்கும்?” என்கிறார்கள். ஒரே உடம்பில் பாதி சிவனும் பாதி பெருமாளும் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? நீ ஹெட்போன் கடையில் நிற்கிறவள், நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவசரம் ஏன் என்றால், ஆகஸ்ட் 23 மதுரையில் பெண்களுக்கு மட்டுமான போட்டி. எங்கள் நாலு பேர் அணிக்குத் தென்காசி ஷாஹின் பானுதான் தலைவி. நான் சத்தம் சொல்கிறவள். எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான், எங்கிருந்து சுடுகிறான் என்று காதால் கேட்டு மற்ற மூன்று பேருக்கும் சொல்வது என் வேலை. நாலு வருஷமாக அந்த இடம் என்னுடையது. போன வாரம் இடது பக்கம் வந்தவனை வலது என்று சொல்லிவிட்டேன். நாலு பேரும் காலி.

பானு கத்தவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஒன் எடத்துக்கு வேற ஆளு பாத்துருவேன் கோகிலா. கோவிச்சுக்கிடாத” என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை.

குற்றம் என்னுடைய பழைய ஹெட்போன் மேல். இடது பக்கம் கம்மியாகக் கேட்கிறது. அந்த இடத்தை நான் விடமாட்டேன். நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பு.

கோகிலா

சென்னை
24.6.2025

அன்புள்ள கோகிலா,

ஸலாம். உன் கடிதத்தைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்துப் படித்தேன். முதலாளி தாவூது பாய் பார்த்துவிட்டு, “காதல் கடுதாசியா?” என்றார். இல்லை பாய், ஹெட்போன் வேண்டுமாம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். திறந்த பெட்டிகளில் ஒவ்வொன்றாக உனக்கு அனுப்பலாம், ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம் என்று சம்மதித்தார். கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடு, கூரியர் ஒன்றோடு போகும்.

நீ கேட்கிற சாமான் சுலபமில்லை. பாட்டு கேட்கிறவனுக்கு எல்லாச் சத்தமும் அதனதன் அளவில் வர வேண்டும். வயலினும் வர வேண்டும், தவிலும் வர வேண்டும், ஒன்று மற்றதை மிதிக்கக்கூடாது. விளையாடுகிறவனுக்குக் காலடி கேட்டால் போதும், மற்றது எப்படியிருந்தாலும் கவலையில்லை. வயர் இல்லாதது வேண்டாம். துப்பாக்கி வெடித்துக் கொஞ்சம் கழித்துத்தான் காதுக்குச் சத்தம் வரும், அதற்குள் உன் கதை முடிந்திருக்கும். அதனால் வயர் உள்ளதாகவே அனுப்புகிறேன்.

முதல் பெட்டி இது. விளையாட்டுக்காரர்களுக்கென்றே செய்தது. வாய்ப்பக்கம் மைக் இருக்கிறது. கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி விளக்கு எரியும், பயந்துவிடாதே.

என் போனுக்கு ஒன்றும் இல்லை. மற்ற எல்லாருக்கும் என் குரல் நன்றாகத்தான் கேட்கிறது.

பாஜிலா

சங்கரன்கோவில்
30.6.2025

பாஜிலா,

விளக்கு எரிகிற பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். இதைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றபோது அப்பா பார்த்துவிட்டு, “என்னட்டி, கோயில் கொடைக்கு சாமியாடப் போறியா?” என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாட்டுப் போட்டால் தவில் மட்டும்தான் இருக்கிறது. நாயனக்காரரை வாசலில் உட்கார்த்திவிட்டார்கள். யாகூப் அண்ணன் ஒரு நிமிடம் காதில் வைத்துவிட்டு, இதை வைத்து என் ஸ்டுடியோ வேலையைச் செய்யாதே தாயி என்று கும்பிட்டார்.

விளையாட்டுக்காவது ஆகுமா என்றால் அதுவும் இல்லை. குண்டு வெடித்தால் தலைக்குள் வெடிக்கிறது. காலடி கேட்பதற்கு அந்த இரைச்சல் விட வேண்டுமே. அதோடு இடது பக்கம் கம்மி. திறந்த பெட்டி என்கிறாயே, எவனோ கீழே போட்டு உடைத்துத் திருப்பிக் கொடுத்ததை என் தலையில் கட்டுகிறாயா?

எங்கள் வீட்டை நீ மறந்துவிட்டாய் போல. முன்கட்டில் நாலு விசைத்தறியும் காலையில் ஓட ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் நிற்கும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் நான் விளையாடுகிறேன். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் எப்போதும் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துத்தான் பார்க்கிறேன். அதற்குத் தாங்குகிற மாதிரி அனுப்பு. போட்டிக்கு இன்னும் ஐம்பத்து நாலு நாள் இருக்கிறது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

கோகிலா

சென்னை
5.7.2025

கோகிலா,

உடைந்த சாமானை உனக்கு அனுப்புவேனா? வந்த பெட்டியை நான் போட்டுப் பார்த்தேன், தாவூது பாய் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவில் விஷயத்தில் நீ சொன்னது சரி. அந்தச் சாமானே அப்படித்தான்.

இப்போது அனுப்புவது வேறு ரகம். காது மூடியின் வெளிப்பக்கம் ஓட்டை ஓட்டையாகச் சல்லடை போட்டிருக்கும். சத்தம் காதுக்குள் அடைபடாமல் விரிந்து வரும். பாட்டுக்காரர்கள் உயிரை விடுகிற சாமான். காலடி எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதும் துல்லியமாகத் தெரியும். மைக் தனியாக வைத்திருக்கிறேன், சட்டையில் குத்திக்கொள்.

கொஞ்சம் பயம் இருக்கிறது. சல்லடை வழியாக உள்சத்தம் வெளியே போகும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். உங்கள் வீட்டுத் தறி என்ன செய்யும் என்று தெரியவில்லை. எதற்கும் போட்டுப் பார். சத்தத்தை முழுசாகக் கூட்டாதே, காது போய்விடும்.

பாஜிலா

சங்கரன்கோவில்
12.7.2025

பாஜிலா,

நல்லதை நல்லது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தச் சல்லடையில் ஒரு பாட்டுக் கேட்டேன். பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அழுகை வந்துவிட்டது. இதையே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் நாலு தறியும் என் மண்டைக்குள் வந்து ஓடுகிறது. கூடுதலாக அதே பழைய கதை, இடது பக்கம் கம்மி. இது புதுப் பெட்டி, வேறு கம்பெனி. உங்கள் கடைக்கு வருவதெல்லாம் இப்படித்தான் வருமா?

கேள், இன்னொரு அசிங்கமும் நடந்தது. இளையரசனேந்தல் கல்யாணம் ஒன்றுக்கு நான் சேர்த்துக் கொடுத்த மேளத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாகூப் அண்ணன் கூப்பிட்டு, “கோகிலா, நாயனம் பூராவும் இடது பக்கமே விழுது. அங்கன உக்காந்தவன் காதப் பொத்துதான். என்னத்தப் பாத்துச் செஞ்ச?” என்றார். சமமாகத்தான் வைத்தேன் அண்ணே என்றேன். எனக்கு அப்படித்தான் கேட்டது.

நேற்றுப் பயிற்சியிலும் தப்பு. இடது பக்கம் படிக்கட்டில் ஏறி வந்திருக்கிறான், எனக்குக் கேட்கவே இல்லை. பானு இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பிறகு ஒரு செய்தி அனுப்பினாள். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் சரியாக வேண்டும், இல்லையென்றால் அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி தயாராக இருக்கிறாள் என்று.

ஹெட்போன் சரியில்லாமல் நான் தோற்கக்கூடாது பாஜிலா. சீக்கிரம் அனுப்பு.

கோகிலா

சென்னை
18.7.2025

கோகிலா,

மூன்றாவது பெட்டி இதோடு வருகிறது. இரண்டு பக்கமும் அடைத்தது, ஸ்டுடியோக்காரர்கள் போடுவது. விளக்கு இல்லை, பகட்டு இல்லை. தவிலும் வயலினும் அளவாக வரும், காலடியும் கேட்கும். காதைச் சுற்றி நன்றாக உட்காருவதால் வெளிச்சத்தம் பாதிக்கு மேல் நின்றுவிடும். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒன்று என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான். முதலிலேயே இதை அனுப்பியிருக்க வேண்டும்.

இனி எழுதப்போவதை நாலு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

உன் பழைய ஹெட்போன் இடது பக்கம் கம்மி. விளக்குப் பெட்டி இடது பக்கம் கம்மி. சல்லடையும் இடது பக்கம் கம்மி. மூன்று கம்பெனிக்காரன் சேர்ந்து உன்னை ஏமாற்ற மாட்டான். நாயனத்தை நீ சமமாக வைத்தாய், ஊருக்கு இடது பக்கம் விழுகிறது. போனை நீ எப்போதும் இடது காதில்தான் வைப்பாய், என் குரல் உனக்கு மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது.

ஒரு காரியம் செய். இந்த ஹெட்போனை மாற்றிப் போடு. இடது என்று எழுதியதை வலது காதில் போட்டு ஒரு பாட்டுக் கேள். ஹெட்போனில் கோளாறு என்றால் கம்மி வலது காதுக்குப் போக வேண்டும். அப்போதும் இடது காதிலேயே நின்றால், கோளாறு ஹெட்போனில் இல்லை, உன் காதில். தறி ஓடும்போது செய்யாதே. தறி நிற்கிற நேரம் பார்த்துச் செய்.

எனக்கு உன் இடது காதில்தான் என்று தோன்றுகிறது. டாக்டரிடம் காட்டு.

பாஜிலா

சங்கரன்கோவில்
23.7.2025

பாஜிலாவுக்கு,

கூரியர்க்காரன் வந்தபோது நான் ஸ்டுடியோவில் இருந்தேன். பெட்டியை அம்மா பிரித்தாள். கடிதத்தையும் பிரித்தாள். எங்கள் அம்மாவுக்கு மெல்லப் பேசவும் வராது, மனசுக்குள் வாசிக்கவும் வராது என்று உனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தறிக்கு மேலே கத்திப் பேசிய தொண்டை. ஒரு எழுத்து விடாமல் வாசித்திருக்கிறாள். தறிக்குப் பாவு நூல் பிணைக்க வந்த முத்துத்தாய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். எனக்குக் கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது அந்த முத்துத்தாய் அக்காதான்.

அம்மா சமாளித்திருக்கிறாள். “அந்தப் பெட்டிக்குத்தான் ஒரு பக்கம் கேக்கலையாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, நான் வந்ததும் கதவைச் சாத்தினாள். “இங்க பாரு, இது இந்த நாலு சொவத்துக்குள்ளயே இருக்கணும். செவிட்டுப் பிள்ளன்னு ஒரு தடவ பேரு விழுந்தா அழிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கும் போவாண்டாம், ஒரு எழவுக்கும் போவாண்டாம்” என்றாள்.

உன்னிடம் நான் கேட்டது ஹெட்போன். வைத்தியம் கேட்கவில்லை. கவுண்டரில் நாலு பேருக்குச் சாமான் விற்றுவிட்டால் டாக்டர் ஆகிவிட முடியாது. என் காதில் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறேன். மதுரைக்குப் பழைய ஹெட்போனோடு போய்க்கொள்வேன்.

இனி எழுதாதே.

கோகிலா

சென்னை
29.7.2025

கோகிலா,

எழுதுவேன். இந்தத் தடவை யாகூப் அண்ணன் ஸ்டுடியோ விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லிப் போனிலும் சொல்லிவிட்டேன்.

வீட்டு விலாசத்துக்கு அதை எழுதி அனுப்பியது என் தப்பு. பெரிய தப்பு. அம்மா பெட்டியைப் பிரிப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிய விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி, காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனேன். எனக்கும்தானே இருக்கும் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் நாம் இரண்டு பேரும்தானே உங்கள் தறிகளுக்கு நூல் சுற்றிய தார் மாற்றினோம்? உனக்குப் போனால் எனக்கும் போயிருக்க வேண்டும். பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு காதும் சுத்தமாக இருக்கிறது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இழுப்பு. பஞ்சுத் தூசி ஆகாது. முதல் வாரமே மூச்சு முட்டி விழுந்தேன். அன்றைக்கு நீ, “நீ வாசப்பக்கம் நின்னுக்கோட்டி, காத்து வரும். உள்ள நான் பாத்துக்கிடுதேன்” என்றாய். அதற்குப் பிறகு நாலரை வருஷம் நான் வாசலிலேயே நின்று தார்க்குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். நீ இரண்டு தறிக்கு நடுவில் சந்தில் நின்றாய். நூலோடு நாடா ஓடி வந்து அடிக்கிற பக்கம் உன் இடது காது. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டிய நேரமும் உன்னுடையதாகப் போய்விட்டது. படிக்கட்டிலேயே அழுதேன் கோகிலா. கடைக்குப் போகாமல் அப்படியே விடுதிக்குப் போய்விட்டேன்.

நீ மறைத்தால் பானு வேறு ஆள் பார்ப்பாள், அது நிச்சயம். இடது பக்கம் வருகிறவன் உனக்காகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு வரமாட்டான். நீ சொல்லிவிட்டால் அவள் வேறு ஆள் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். எனக்குத் தெரிந்து இவ்வளவுதான் வழி.

அந்தப் பெட்டியை மறுபடி அனுப்புகிறேன். நீ எத்தனை தடவை திருப்பினாலும் அத்தனை தடவை அனுப்புவேன். தாவூது பாய்க்குக் கூரியர்க்காரன் சொந்தக்காரன்.

பாஜிலா

சங்கரன்கோவில்
13.8.2025

பாஜிலா,

பெட்டி ஒரு வாரம் ஸ்டுடியோ அலமாரியிலேயே கிடந்தது. யாகூப் அண்ணன் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை.

ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு ஊரில் ஒரு தறி ஓடவில்லை. சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் தபசுக் காட்சி பார்க்கத் தெற்கு ரத வீதிக்குப் போய்விட்டார்கள். தலைவலி என்று நான் போகவில்லை. பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். நம் வீதி அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? அந்த அமைதியிலும் என் இடது காதில் பால் குக்கர் அடங்குகிற மாதிரி “கீ” என்று ஒரு சத்தம் இருந்தது. தறி ஓடும்போது அது தெரியாது.

ஹெட்போனைப் போட்டேன். இடது பக்கம் கம்மி. மாற்றிப் போட்டேன். அப்போதும் இடது பக்கம்தான் கம்மி. இன்னொரு தடவை மாற்றினேன். பதினோரு தடவை மாற்றினேன்.

ஒன்றை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்பே தெரியும். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். சித்திரையிலிருந்தே இடது பக்கம் படுத்தால் காலையில் போன் அலாரம் நன்றாகக் கேட்டது, வலது பக்கம் படுத்தால் கேட்கவில்லை. தெரிந்துகொண்டேதான் உன்னிடம் ஹெட்போன் ஹெட்போன் என்று கேட்டேன். ஏதாவது ஒரு கம்பெனிக்காரனாவது என் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டானா என்று ஆசை. நீ உண்மையைச் சொன்னதும் உன் மேல் கோபம் வந்தது. அநியாயக் கோபம்தான். உன்னைத் திட்டியதையெல்லாம் மறந்துவிடு. வாசல் பக்கத்து இடத்தைப் பற்றி நீ இனிப் பேசவே கூடாது. உனக்கு மூச்சு முட்டியது, எனக்கு முட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் நீ சொன்ன மாதிரியே பெட்டி அறை. மெல்லிய மணிச் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்குக் கை ஏறி ஏறி இறங்கியது. இடது காதுக்கு மடியிலேயே கிடந்தது. டாக்டரம்மா தாளைக் காட்டினார். இடது காதுக் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. உயர்ந்த சத்தங்கள் போனது போனதுதானாம், திரும்பாது. “வலது காதிலும் லேசா ஆரம்பிச்சிருக்கு. இப்ப நிறுத்துனா இதக் காப்பாத்தலாம்” என்றார். தறி பக்கம் போனால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும், ஹெட்போன் சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டவே கூடாது. நீ அனுப்பிய அடைத்த ஹெட்போனைக் காட்டினேன். வெளிச்சத்தம் உள்ளே வராததால் கூட்ட வேண்டிய அவசியம் இருக்காது, இது நல்லது என்றார். அதனால் இது இனித் திரும்பி வராது என்று தாவூது பாயிடம் சொல்லிவிடு.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே பானுவைக் கூப்பிட்டேன். வலது காதில் வைத்துத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். “எத்தன நாளா தெரியும் ஒனக்கு?” என்றாள். சித்திரையிலிருந்து என்றேன். “அப்ப நாலு மாசமா எங்கள ஏமாத்திருக்க” என்றாள். ஆமாம் என்றேன். அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

நான் விடவில்லை. ஒரு வாய்ப்புக் கொடு, ஒரே ஒரு தடவை, அவளையும் என்னையும் சேர்த்து வைத்துப் பார் என்றேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வித்தை பழகினேன். சத்தம் கேட்டதும் திசையைச் சொல்லாமல், ஆட்டத்துக்குள் என் ஆளைச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். அப்போது சத்தம் வலது காதில் ஏறுகிறதா, தேய்கிறதா என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஒரு நொடி கூடுதலாக ஆகும். முன்பெல்லாம் அந்த ஒரு நொடி எடுத்தால் என் குறை தெரிந்துவிடுமே என்று பயந்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிருக்கிறது.

நேற்று முன்தினம் பானு வைத்துப் பார்த்தாள். பத்தில் அந்தப் பெண் ஏழு சரியாகச் சொன்னாள். நான் ஒன்பது. பானு, “மதுரைக்கு வா. ஆனா இனி எதையும் மறைக்காத” என்றாள்.

டாக்டரம்மா கொடுத்த தாளை அம்மா முன்னால் வைத்தேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முத்துத்தாய் அக்காவுக்கும் காதை மூடுகிற கவசம் அனுப்பு, மூன்று வேண்டும். அப்பா இப்போதே முனகுகிறார். “தறியோட சத்தத்த வச்சுத்தானட்டி கோளாறு கண்டுபிடிக்கேன். காத மூடுனா நூலு அறுந்தது எப்பிடித் தெரியும்?” என்கிறார். கண் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். போட வைக்காமல் விடமாட்டேன்.

கோகிலா

சென்னை
18.8.2025

கோகிலா,

கவசம் மூன்றும் இதில் இருக்கின்றன. அப்பாவுக்கு நீல நிறம் வைத்திருக்கிறேன், அவருக்கு நீலம் என்றால் கொஞ்சம் இளகுவார்.

இப்போது கடைக்கு யார் வந்து ஒரு பக்கம் கம்மி என்றாலும் முதலில் மாற்றிப் போட்டுக் கேளுங்கள் என்கிறேன். நேற்று ஒரு பெரியவர் மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கவுண்டரில் வைத்தார். பரிசோதனை இடத்துக்கு நானே கூட்டிப்போனேன். அதுவரை தாவூது பாய் கல்லாவைப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை இல்லை. நேரலையில் பார்ப்பேன், போனைக் கல்லாவுக்குக் கீழே வைத்து. உன் இடத்தை விட்டுவிடாதே.

பாஜிலா

சங்கரன்கோவில்
25.8.2025

பாஜிலா,

நேரலையில் நீ பார்த்தாய், எனக்குத் தெரியும். ஆனால் பாதிதான் பார்த்திருப்பாய். மீதியை எழுதுகிறேன்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா பேசாமலேயே புளியோதரை கட்டினாள். பிறகு அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “ஒத்தையில போவாண்டாம்” என்றாள், அவ்வளவுதான். வழியெல்லாம் என்னிடம் ஒரே ஒரு கட்டளை, அங்கே வந்தவர்கள் யாரிடமும் காதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. படம் பிடிக்கிறார்கள், ஊரே பார்க்கும், கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களும் பார்ப்பார்கள்.

மண்டபம் நிறையக் கூட்டம். எங்களை மேடையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு ஆட்டமும் நன்றாகப் போனது. என் ஒரு நொடித் திருப்பத்துக்கு மற்ற மூன்று பேரும் பழகிவிட்டார்கள். பானு கேட்பாள், நான் “பொறு” என்பேன், திருப்புவேன், சொல்வேன்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இருக்கச் சொன்னார்கள். கூட்டம் கத்துகிறது, பாட்டுப் போடுகிறார்கள். பானு எழுந்து வந்து குனிந்து எதையோ அவசரமாகச் சொன்னாள். இடது பக்கம் நின்று சொன்னாள். அவளுக்கும் பதற்றம், மறந்துவிட்டாள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. என்ன என்றேன். மறுபடி சொன்னாள். தலையை ஆட்டிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நாலு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

அப்போது கீழேயிருந்து அம்மா எழுந்து நின்றாள்.

“ஏட்டி பானு! அங்கன இல்ல, இந்தப் பக்கம் வா! எம் பிள்ளைக்கு அந்தக் காது கேக்காது! வலது பக்கம் வந்து சொல்லு!”

நாலு தறிக்கு மேலே முப்பது வருஷம் கேட்ட குரல். அந்த மண்டபத்துப் பாட்டு அதற்கு முன்னால் எம்மாத்திரம்? மேடை மைக்கில் விழுந்து எல்லா ஒலிபெருக்கியிலும் வந்தது. கூட்டம் முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. நீயும் கேட்டிருப்பாய். கரிவலம்வந்தநல்லூரும் கேட்டிருக்கும். அம்மா உட்காரவில்லை. பானு சுற்றி வந்து என் வலது காதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த மூன்றாவது ஆட்டம்தான் நான் இதுவரை விளையாடியதிலேயே நல்ல ஆட்டம். இரண்டாவதாக வந்தோம். கோயம்புத்தூர் அணி முதலாவதாக வந்தது, அவர்கள் வரவேண்டியவர்கள்தான். அடுத்த போட்டி கார்த்திகையில். பானு அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள், சத்தம் சொல்கிற இடத்தில் என் பெயரை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு பேர் சீட்டில் நான் வலது ஓரத்தில் ஜன்னல் பக்கமும், அம்மா என் இடது பக்கமும் உட்கார்ந்திருந்தோம். திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அவள் பேசவில்லை. பிறகு ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்தேன்.

“ஊருக்கே கேட்டிருக்கும்லா?” என்றாள் சத்தமாக.

“கேட்டிருக்கும்மா” என்றேன்.

“கேக்கட்டும்” என்றாள். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, எழுந்து என் காலைத் தாண்டி வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். ஊர் வந்து சேருகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

கோகிலா